சப்ரீன் சொந்தமாகச் செய்த பலகை

"பேரு உரியுது டீச்சர்."

ஆறாம் வகுப்புக்குள் நுழைவதற்குள் முதல் பெஞ்சு மாரீஸ்வரி சொல்லிவிட்டாள். சப்ரீன் பதறிப் பார்த்தாள். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பஸ்ஸில் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்த பிளைவுட் பலகை. மூன்று பாகமாகப் பிரித்த வட்டம். மூலையில் 'எம். சப்ரீன், பி.எட்.' என்ற சீட்டு, வியர்வை பட்டு எழும்பியிருந்தது. அடியில் 'கல்ப' என்று தெரிந்தது.

கல்பனா போன வருஷ சீனியர். "பெயிண்ட மாத்தி அடி, பேர ஒட்டு, அம்புட்டுத்தான்" என்று கொடுத்த பலகை.

இன்று பி.எட். செய்முறைத் தேர்வு. பாடம் நடத்தும் துணைக்கருவி சொந்தமாகச் செய்ததாக இல்லாவிட்டால் பூஜ்யம். தேறினால் ஜூனில் தளவாய்புரத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை, தேறாவிட்டால் இன்னொரு வருஷம். இரண்டு வருஷமாக நாற்பது பாடத்திட்டம் எழுதி, சிவப்பு மையில் கோடு போட்டே விரல் தேய்ந்துபோனது. பின்னத்தைக் கூட்டும்போது கீழ் எண்ணை ஏன் கூட்டக் கூடாது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. அதற்கு நேரம் எங்கே இருக்கிறது?

"ஏட்டி, கோந்து இருக்கா?"

"சோறு இருக்கு டீச்சர்."

மாரீஸ்வரி டப்பாவைத் திறந்தாள். தயிர்ச்சோறு. வேறு வழியில்லை, நாலு பருக்கையை நசுக்கி ஒட்டினாள். சீட்டு ஒட்டியது. தயிர் ஊறி இன்னும் உப்பியது.

பிள்ளைகள் கரும்பலகையில் கலர் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள்: 'வருக! தேர்வாளர் திரு. எஸ். காசிராஜன்.' அவரும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

சப்ரீன் பலகையைத் தூக்கினாள். தயிருக்கு ஈ வந்தது. உள்ளங்கையால் சீட்டை மூடிக்கொண்டாள்.

"கைய எடும்மா. பிள்ளைகளுக்கு மறைக்குதுல்லா."

கையை எடுத்துவிட்டு முழங்கையை வைத்தாள். பலகை சாய்ந்தது. அவர் எழுந்து வந்தார்.

"இது என்ன?"

"மூன்றில் ஒரு பங்கு சார்."

"எது? இந்தா இருக்குற குச்சியா, அந்தா இருக்குற பூசணித் துண்டா? மூணும் சமமா இருக்கா?"

சப்ரீன் அப்போதுதான் பார்த்தாள். சமமாக இல்லை. ஒரு வாரம் பெயிண்ட் அடித்தவளுக்குக் கண் எங்கே போயிருந்தது?

"யாரு செஞ்சது?"

கல்பனாவைச் சொன்னால் பூஜ்யம். "நாந்தான் சார்."

"சொந்தமாவா?"

"ஆமா சார். ராத்திரியெல்லாம் உக்காந்து."

"ராத்திரியெல்லாம் உக்காந்து தப்பாப் போட்டியாக்கும். மூணாப் பிரிக்கத் தெரியாம மூணாப் பிரிக்கச் சொல்லிக் குடுக்க வந்துட்ட. அந்தக் காலத்துல நாங்கள்லாம் நூல் பிடிச்சு அளந்து செய்வோம். இதைச் செஞ்ச கைக்கு வாத்தியார் வேலையே கூடாது."

பேனாவைத் திறந்தார். மார்க் தாளில் முனை பட்டது. சப்ரீனுக்குத் தளவாய்புரம் கண்ணை விட்டுப் போயே போய்விட்டது. இந்த எரிச்சலில் அழுகைகூட வரவில்லை.

"செத்த நேரம் சார், ஈய ஓட்டிக்கிடுறேன்" என்று மாரீஸ்வரி எழுந்து வந்து பலகையில் ஒரு தட்டுத் தட்டினாள். ஊறிய சீட்டுகள் மொத்தையாகக் கழன்று அவள் கையோடு வந்தன. அவள் வாசிப்பில் கெட்டிக்காரி.

"சப்ரீன். கல்பனா. ஷெரின். தவசிமுத்து. கிருபாபாய்..."

"நிறுத்து" என்றாள் சப்ரீன்.

காசிராஜன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஓகோ. அப்ப எம்புட்டு வருஷமா நடக்கு இந்தத் திருட்டு? முதல்ல செஞ்ச மடையன் யாருன்னு பாரு பாப்பா."

மாரீஸ்வரி வெறும் பலகையைத் துடைத்துப் பார்த்தாள். பிறகு கரும்பலகையைப் பார்த்தாள். மறுபடி பலகையைப் பார்த்தாள்.

"அடியில பெயிண்ட்லயே எழுதியிருக்கு சார், 1998-னு. பேரு நாங்க போர்டுல எழுதியிருக்கோம்லா, அதேதான்."