கோபத்துக்கு ஓங்கி ஒரு அமுக்கு

மதுரையில் ஓடுகிற அத்தனை ஆட்டோக்காரர்களும் “எங்க போகணும்?” என்றுதான் கேட்பார்கள். ஏறுகிற ஆளிடம் “இன்னைக்கு மனசு எப்படி இருக்கு?” என்று கேட்ட ஒரே மனிதர் எங்கள் பாம்பாம் அண்ணன். அதுவும் நாலு வயது ஆட்களிடம்.

கோரிப்பாளையத்தில் எங்கள் தெருவிலிருந்து ஐந்து எல்.கே.ஜி. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போனவர் அவர்தான். பின்சீட்டுக்குப் பக்கத்தில் பழைய ரப்பர் பந்து ஹாரன் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கோபம் என்றால் ஓங்கி ஒரு அமுக்கு. பயத்துக்குக் குட்டிக் குட்டியாக மூன்று. சந்தோஷத்துக்குக் கை வலிக்கும் வரை. வருத்தத்துக்கு மெதுவாக ஒன்றே ஒன்று. ஏறிய பிள்ளை அமுக்கிக் காட்டாமல் வண்டி நகராது. எந்த வீட்டில் இட்லிக்குச் சண்டை, எந்த வீட்டில் முதுகில் அடி என்பதெல்லாம் எட்டரை மணிக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும்.

ஒருநாள் சிக்னலில் போலீஸ்காரர் வந்துவிட்டார்.

“நிக்கிற வண்டியில எதுக்குய்யா இம்புட்டு ஹாரன்?”

“நான் இல்ல சார். பின்னால ஒரு கோவம் உக்காந்துருக்கு. வேணும்னா விசாரிங்க.”

எட்டிப் பார்த்த போலீஸ்காரருக்கும் ஹாரனில் ஓங்கி ஒரு அமுக்கு விழுந்தது. பச்சை விழுவதற்கு முன்பே வண்டியை அனுப்பிவிட்டார்.

என் மகள் சபீனா மட்டும் ஹாரனைத் தொட மாட்டாள். அவளுக்கு வேறு வழி இருந்தது: கடிப்பாள். இரண்டு பிள்ளைகளைக் கடித்தாயிற்று. “இன்னொரு தடவ கடிச்சா வேற ஸ்கூல் பாத்துக்கங்க சார்” என்று டீச்சர் சொல்லிவிட்டார். அண்ணனோ தினமும் எங்கள் வாசலில் ஐந்து நிமிடம் வண்டியை அணைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, “சரி, நாளைக்குச் சொல்லு தாயி” என்று எடுப்பார்.

“லேட்டாகுதுண்ணே, சும்மா எடுங்க.”

“பொறு மாப்ள. இப்ப பல்லுதேன் பேசுது. கையும் பேசட்டும்.”

பத்துப் பதினைந்து நாள் கழித்து அவள் கை ஹாரனுக்குப் போனது. கோபத்தை எதிர்பார்த்து நான் காதைப் பொத்தினேன். வந்தது மெதுவாக ஒன்றே ஒன்று.

அண்ணன் இறங்கிவந்து பின்சீட்டருகே குத்தவைத்து உட்கார்ந்தார். “வருத்தமா தாயி? எதுக்கு?”

“தம்பிப் பாப்பா என் எடத்துல படுத்துட்டான். அம்மா அவன் பக்கமே திரும்பிக்கிறாங்க.”

கோபம், பிடிவாதம், கொழுப்பு என்று அதற்கு நானும் மனைவியும் வைக்காத பேரில்லை. இந்தப் பேர் மட்டும் எங்களுக்குத் தோன்றவில்லை. அன்று முதல் சபீனாவுக்கு அம்மாவின் இன்னொரு பக்கம் கிடைத்தது. அதற்கப்புறம் அவள் கடித்தது முறுக்கை மட்டும்தான்.

யு.கே.ஜி.யும் முடிந்தது. ஜூனிலிருந்து பெரிய பள்ளி, பஸ். கடைசி நாள் அவளை இறக்கிவிட்டதும், “என்னண்ணே, சங்கடமா இருக்கா?” என்றேன்.

“எனக்கென்ன மாப்ள, ஒரு சீட்டு காலி. அம்புட்டுதேன்.”

சொல்லிவிட்டு, சீட்டைத் துடைப்பவர்போல் பின்பக்கம் குனிந்தார். ஹாரன் மெதுவாக ஒரே ஒருமுறை ஒலித்தது.

வீட்டுக்குள் போன சபீனா ஓடிவந்து அவர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். “வருத்தமா மாமா? எதுக்கு?”

அவர் சொல்லி முடிக்கும் வரை வண்டி நகரவில்லை. அன்று நானும் அவசரப்படுத்தவில்லை.