நரம்பணுவில் மூன்று புள்ளிகள்

ஒழுங்கான ஆட்களிடம் ஓர் ஆபத்து உண்டு: தவறையும் ஒழுங்காகவே செய்வார்கள். நானூறு படங்களில் ஒரே தவறைப் பிசகாமல் செய்தவன் நான்.

அப்போது அரியலூரில் முனைவர் பட்ட ஆய்வு. நரம்பணுவின் உட்கருவுக்குள் சில புரதங்கள் கூடிச் சின்ன உருண்டைகளாக நிற்கும். அவை கூட வேண்டுமானால், அவற்றின்மேல் 'சுமோ' என்ற குட்டிப் புரதம் வந்து ஒட்ட வேண்டும். ஒட்டவிடாமல் மருந்து கொடுத்தால் உருண்டைகள் கலையும் என்பது உலகம் அறிந்தது (உலகம் என்றால், அந்தத் துறையில் இருக்கும் நாலு பேர்).

நுண்ணோக்கியில் கேமரா பொருத்தி நான் எடுத்த படங்களில் கலையவில்லை. மருந்து கொடுத்த அணுவிலும் மூன்று கரும்புள்ளிகள், கொடுக்காததிலும் மூன்று. மருந்தைக் கூட்டினேன். அணுவே செத்தது; புள்ளி அசையவில்லை. உலகம்தான் தவறு என்று நாட்குறிப்பில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க அனுமதி தரும் கருத்தரங்கம் வந்தது. தேறாவிட்டால் இன்னொரு வருஷம். முன்வரிசையில் வெளியூர்ப் பேராசிரியை ஒருவர். என்னைப் படம் எடுக்க, பெரம்பலூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அக்கா வீட்டுக்காரரை வரச் சொல்லியிருந்தேன். திரையில் பத்தாவது படம் வந்ததும் மாமா கேமராவை இறக்கினார்.

"மாப்ள, எல்லாப் படத்துலயும் புள்ளி ஒரே எடத்துல நிக்குதே?"

"அது உட்கரு உருண்டை மாமா. சும்மா இருங்க."

"உருண்டையாவது! கேமராவுல தூசிடா. போன முகூர்த்தத்துல பொண்ணு நெத்தியிலயும் மூணு புள்ளி, நாதஸ்வரக்காரர் நெத்தியிலயும் மூணு புள்ளி. அடிக்க வந்துட்டாங்க. சிமெண்ட் லாரி போற ரோட்டுல உங்க லேபு ஜன்னலத் தொறந்து வச்சா வேற என்ன வரும்?"

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "அவர் சொல்றது சரிங்க. அணு மாறுது, புள்ளி மாறலியே. கேமராவத் தொடச்சீங்களா?"

துடைக்கவில்லை. ஆய்வக உதவியாளர் துடைக்க வந்ததற்கு, 'தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டியவன் நான். போதாததற்கு ஒவ்வோர் உட்கருவையும் படத்தின் நட்டநடுவில் வைத்துத்தான் எடுப்பேன். கொஞ்சம் தள்ளி வைத்திருந்தால் புள்ளி உட்கருவுக்கு வெளியே விழுந்து அன்றே பிடிபட்டிருப்பேன்.

"திரும்ப எடுத்துட்டு வாங்க" என்றார் பேராசிரியை.

எடுத்தேன். துடைத்துவிட்டு, நானூறையும், ஒன்று விடாமல். மருந்து கொடுத்த அணுக்களில் உருண்டைகள் அழகாகக் கலைந்திருந்தன. பட்டம் ஒரு வருஷம் தாமதமாக வந்தது.

வந்த கையோடு கல்யாணம். தாலி கட்டியதும் மாமா எல்லாரையும் காக்க வைத்து, லென்ஸைச் சாவகாசமாகத் துடைத்தார். பிறகு மணப்பெண்ணிடம், "எம்மா, உன் கன்னத்துல இருக்கிற மச்சம் நெசந்தான்னு இவன்கிட்ட எழுதிக் குடுத்துடு. இல்லன்னா ஆராய்ச்சி பண்ணிடுவான்" என்றார். மண்டபமே சிரித்தது.

இன்றும் வீட்டில் நான் போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனால், என் மனைவி கன்னத்தைத் திருப்பிக் காட்டுவாள்.

"நல்லாப் பாத்துக்குங்க, அதே எடத்துலதான் இருக்கு."