கரி டப்பாவுக்கு இட ஒதுக்கீடு

மனைவியை வெள்ளிமலையை விட்டு இறங்கவிடுவதில்லை என்று அறிவுச்செல்வன் முடிவெடுத்தபோது, குறுக்கே நின்ற இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான். கழுத்தில் கிடந்த ஐயப்பன் மாலை. மாலை போட்டவன் பொய் சொல்லக் கூடாது.

பொய் சொல்லாமலே ஏமாற்ற வேண்டும். புருஷ மூளைக்கு அதெல்லாம் ஒரு வேலையா!

அபிநயா மலைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. இன்று காலை கள்ளக்குறிச்சியில் இடமாறுதல் கலந்தாய்வு. பேரைக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் இனி அடுத்த வருஷம்தான். அவள் கேட்கப்போவது பிறந்த ஊரான திருக்கோவிலூரை. கிடைத்துவிட்டால் மாமனார் வீட்டில், மாமனார் போடும் சோற்றை, மாமனார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தின்ன வேண்டும். நினைத்தாலே அவனுக்கு விக்கியது.

கீழே இட ஒதுக்கீட்டுப் போராட்டம். மறியல். மலைக்கு பஸ் ஏறவில்லை. மிச்சம் இருப்பது அவனுடைய பெட்ரோல் ஜீப்பு. கரும்புக் காட்டு வழியில் புகுந்து போய்விடும்.

ஆகவே விடிவதற்குள் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்து, டேங்குக்குப் பக்கத்திலிருந்த கறுப்பு டப்பாவைக் கழற்றிவிட்டான். பெட்ரோல் ஆவி காற்றில் கலக்காமல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் டப்பா அது. உள்ளே இருப்பது கரி. ஆகவே மெக்கானிக்குகள் வாயில் அது கரி டப்பா.

அபிநயா பையோடு வந்தாள்.

"கெளம்பலாமா சாமி?" மாலை போட்ட நாளிலிருந்து அவனுக்கு அதுதான் பேர்.

"வண்டில கரி டப்பா இல்ல."

"நேத்து இருந்துச்சே?"

"அடியில கல்லு அடிக்குது. மேல இஞ்சின் பக்கம் எடம் பாத்து மாத்தணும். மாத்தாம வண்டிய எடுக்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன்."

ஒரு சொல் பொய் இல்லை. அவனுக்கே புல்லரித்தது.

"ஊரே இட ஒதுக்கீடு கேட்டு ரோட்ல குந்திக்கினு இருக்குது. நீங்க டப்பாவுக்கு ஒதுக்கிக்கினு இருக்கீங்களா?"

"அதுவும் எத்தினி காலந்தான் அடியிலயே கெடக்கும்?"

"அப்போ பொண்டாட்டிக்கு எத்தினி சதவீதம் சாமி?"

"ஒனக்கின்னா, வூடு முச்சூடும் ஒன்னுதுதான்."

"ஆமா, பெருக்கறதுக்கு."

விடுக்கென்று உள்ளே போனாள். அறிவுச்செல்வன் கொல்லைப்பக்கம் ஒதுங்கி, கூட்டாளி வீரமுத்துவுக்குப் போன் போட்டான். "கரி டப்பாவ கழட்டி சாமை மூட்டைக்குள்ள பதுக்கிட்டேன்டா! அவளுக்கு ஒண்ணும் தெரியாது!"

திரும்பினான். கொல்லை வாசற்படியில் அபிநயா.

நேரே தெருவுக்குப் போனாள்.

"இருசம்மாக்கா! எங்கூட்டு சாமி கரி டப்பாவ சாமை மூட்டைல பதுக்கி வெச்சிருக்காராம்!"

அவள் சின்ன ரி போட்டுத்தான் சொன்னாள். தெரு பெரிய றி போட்டுக் கேட்டுக்கொண்டது.

"மாலைய போட்டுக்கினு கறியா!" பக்கத்து வீட்டு இருசம்மாள் வாயில் அடித்துக்கொண்டாள். "ஆடா, கோழியா?"

"அத அவரத்தான் கேக்கணுங்க்கா."

குருசாமி பொன்னுரங்கம் குளித்த ஈரம் காயாமல் வந்து நின்றார். பின்னால் மாலை போட்டவர்கள் அத்தனை பேரும். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

"மாலைய கழட்டு சாமி."

"ஐயோ, அது கறி இல்ல சாமி, கரி!"

"நானும் அதத்தானே சொல்றேன்?"

"திங்கற கறி இல்ல சாமி! எரிக்கற கரி!"

"சுட்ட கறியா?" என்றாள் இருசம்மாள்.

ஓடினான். மூட்டையைக் கவிழ்த்தான். சாமை ஒட்டிய டப்பாவைக் குருசாமி மூக்குக்கு நேரே நீட்டினான். "மோந்து பாருங்க! வண்டி சாமான்!"

பெட்ரோல் நெடியில் அவர் இருமினார். ஆனாலும் விடவில்லை. "வண்டி சாமானுக்கு மூட்டைக்குள்ள இன்னா வேல?"

அபிநயா மெதுவாகச் சொன்னாள். "அது இல்லாம வண்டிய எடுக்க மாட்டேன்னாரு சாமி. அவ்ளோ முக்கியமான சாமான மூட்டைலயா போட்டு வெப்பாங்க?"

குருசாமியின் சந்தேகம் மறுபடி தலைதூக்கியது. "சாமி சத்தியமா சொல்லு. இது இல்லாம வண்டி ஓடுமா, ஓடாதா?"

ஓடாது என்றால் பொய், மாலை போச்சு. ஓடும் என்றால்...

"ஓடும்."

"கேக்கல."

"ஓடுஞ் சாமி! டப்பாவுக்குப் போற ஓஸ் வாய அடைச்சிட்டா ஜோரா ஓடும்!"

"ஓட்டிக் காட்டு."

ஓஸை அடைத்தான். சாவியைத் திருகினான். ஜீப்பு உறுமியது. தெரு சரணம் போட்டது. பக்கத்து சீட்டில் பை இருந்தது. பைக்குப் பக்கத்தில் அபிநயா இருந்தாள்.

முதல் கொண்டை ஊசி வளைவு வரைதான் அவனால் அடக்க முடிந்தது. "ஒனக்கு நெஜமாவே கறின்னா கேட்டுச்சு?"

"எனக்குக் கரின்னுதான் கேட்டுச்சு. தெருவுக்கு எப்படிக் கேட்டுச்சோ."

கரும்புக் காடு வந்தது. தூரத்தில் மறியல் கோஷம். அறிவுச்செல்வன் தோற்ற குரலில் சமாதானத்துக்கு வந்தான்.

"சரி. திருக்கோவிலூரே கெடைக்கட்டும். ஒங்கப்பா வூட்ல எனக்கு எந்த ரூமு?"

"உங்களுக்கா?" அவள் கண்ணாடியைத் திருப்பிப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். "மாறுதல் கேட்டது நான் மட்டுந்தானே சாமி."