சர்க்கரைச் சிப்பாய்கள் காத்த கோட்டை

குடையைத் தொலைத்தவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். கல்யாண வீட்டில் செருப்பைத் தொலைத்தவர்கள் எல்லாத் தெருவிலும் இருப்பார்கள். ஒரு முழுக் கோட்டையை, அதுவும் மூன்று மலை, நெற்களஞ்சியம், ஆனைக்குளத்தோடு சேர்த்துத் தொலைத்தவன் செஞ்சிக் கடைத்தெருவிலேயே நான் ஒருவன்தான். அதையும் பகல் சாப்பாட்டுக்கு முன்பே தொலைத்தேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு இருபத்து மூன்று வயது. பி.காம். முடித்துவிட்டு நைனாவின் ஃபேன்சி ஸ்டோரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். (கல்லாவில் உட்கார நைனா விடவில்லை. மனிதர் ஆளை எடைபோடுவதில் கெட்டிக்காரர்.) ஒருநாள் வெயில் தொப்பி வைத்த ஒரு பெரியவர் வந்து நின்றார்.

"இஞ்ச் டேப் இருக்குதா தம்பி? கொண்டாந்தது அறுந்துபோச்சி."

"இருக்குது சார். துணி அளக்கவா?"

"கோட்டைய அளக்க."

"விக்கறாங்களா சார்?"

அவர் சிரிக்கவில்லை. பெயர் லூர்து. பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே எல்லாரும் அவரை 'முசே' என்பார்களாம். ஸ்டூலில் என்னை நகரச் சொல்லி உட்கார்ந்து விளக்கினார். கட்டைவிரலைவிடச் சின்ன ஈயச் சிப்பாய்களுக்கு வர்ணம் பூசி, மேஜைமேல் மலையும் மதிலும் கட்டி, பழைய யுத்தங்களை மறுபடி நடத்துகிறார்கள். தாயக்கட்டை மாதிரி பகடை உருட்டினால் யார் செத்தார்கள் என்று தெரியும். இஞ்ச் டேப் வைத்து அளந்தால் யார் எவ்வளவு தூரம் ஓடலாம் என்று தெரியும். வருஷா வருஷம் பொங்கல் லீவில் பாண்டியில் ஒரு ஹாலில் கூடுகிறார்கள். மெட்ராஸ், பெங்களூர் எல்லாம் வருகிறதாம்.

என் நைனா வயசு ஆட்கள் ஹால் வாடகைக்கு எடுத்துப் பொம்மை விளையாடுகிறார்கள் என்று கேட்டதும் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் ஆசை வந்தது.

"இந்த வருஷம் உங்க கோட்டதான்" என்றார் முசே. "நெஜத்துல பிரெஞ்சுப் படை ஒரே ராத்திரில புடிச்சிட்டாங்க. அதனால கோட்டப் பக்கம் நின்னு ஆட ஆள் கெடைக்கல. தோக்கற பக்கம் யாரு வருவா?"

"நான் வர்றேன் முசே!"

இதை நான் எழுந்து நின்று சொன்னேன். கை மார்பில் இருந்ததாகக்கூட ஞாபகம்.

சாயங்காலம் டீக்கடையில் விஷயத்தைச் சொன்னேன். எதிர்க்கடை காதர், ஒண்ணாங் கிளாஸிலிருந்து என்னோடு படித்தவன், டீயை ஊதிக்கொண்டே கேட்டான்.

"அந்தக் கோட்டைய முந்நூறு வருசமா ஆளாளுக்குப் புடிச்சிக்கினே இருந்தானுங்க. நீ காப்பாத்தப் போறியா? கட ஷட்டர ஒழுங்காப் பூட்டத் தெரியுமாடா உனக்கு?"

"இந்த வாட்டி கோட்ட விழாது மச்சான். எழுதி வச்சிக்க."

டீ மாஸ்டர் நிஜமாகவே எழுதிவைத்தார். வடை, பஜ்ஜி விலை எழுதும் சிலேட்டில், அடியில்: 'பொங்கலுக்குப் பாண்டியில் போர். கோட்டை விழாது.' ஊர் மானம் பஜ்ஜிக்குக் கீழே தொங்க ஆரம்பித்தது. இனி பின்வாங்க முடியாது.

ஆட்ட விதி எளிது. பன்னிரண்டு சுற்று தாக்குப்பிடித்தால் கோட்டை எங்களுடையது. அதற்குள் எங்கள் தளபதி எதிரி கையில் சிக்கினால் கோட்டை விழும். ஆனால் அவரவர் படையை அவரவரே கொண்டுவர வேண்டும். அறுபது சிப்பாய், ஒரு தளபதி. காலத்துக்குப் பொருந்திய உடுப்பு.

காதரும் நானும் மெட்ராஸ் போய் நாலு பொம்மைக்கடை ஏறி இறங்கினோம். முதல் கடைக்காரர் காக்கிப் பச்சையில் ஒரு பாக்கெட் பிளாஸ்டிக் சிப்பாயை எடுத்துப் போட்டார். எல்லார் கையிலும் மெஷின்கன்.

"இது வேணாங்க. வாள், ஈட்டி, நாட்டுத் துப்பாக்கி வச்சவங்க இருக்காங்களா?"

"கொழந்தைக்கு எத்தினி வயசு சார்?"

"எனக்குத்தாங்க."

அதற்குப்பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. காதரைப் பார்த்தே பேசினார், டாக்டர் நோயாளியின் அண்ணனிடம் பேசுவதைப் போல. காதருக்கோ மெஷின்கன் மீதே கண். "வாங்கிக்கடா மச்சான். கோட்டைல அறுவது மெஷின்கன் இருந்தா எவன்டா ஏறுவான்?" நான் சரித்திரத்துக்குத் துரோகம் செய்ய மாட்டேன் என்று வெளியே வந்துவிட்டேன். (ஸ்கூலில் சரித்திரத்தில் எனக்கு முப்பத்தெட்டு மார்க்.) இன்னொரு கடையில் ஈயச் சிப்பாய்க்குச் சீமையிலிருந்து ஆர்டர் போட வேண்டும், கப்பலில் வர நாலு மாதம் ஆகும் என்றார்கள். யுத்தத்துக்கு இருந்தது மூன்று வாரம்.

வெறுங்கையோடு திரும்பிய மறுநாள்தான் எனக்கு ஞானம் பிறந்தது. எங்கள் கடைத்தெரு மிட்டாய்க்கடையில் கல்யாணச் சீர்த்தட்டுக்கு அச்சில் வார்த்த சர்க்கரைப் பொம்மைகள் செய்வார்கள். கிளி, தேர், யானை. அந்த மர அச்சுகளுக்கு நடுவே, தலைப்பாகையும் ஈட்டியுமாக, கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு சிப்பாய் அச்சும் இருந்தது! நான் அதைத் தூக்கிக்கொண்டு மிட்டாய் மாஸ்டரிடம் ஓடினேன்.

"இதுல அறுவத்தோரு உருப்படி வேணும் மாஸ்டர்."

"யாரு கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல, சண்ட."

"அதுல இன்னா வித்தியாசம்" என்று பாகைக் கிளறினார். பிறகு ஒரு வார்த்தை சொன்னார்: "கடல் காத்து படாம வச்சிக்க தம்பி. வேர்த்துடும்." வீரன் என்றால் வேர்க்கத்தானே செய்வான் என்று நான் பதில் சொன்னேன். அப்போது அது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

வர்ணம் பூச உட்கார்ந்தேன். வாட்டர் கலர் பட்டதும் முதல் சிப்பாயின் மூக்கு கரைந்து போனது. இரண்டாமவனுக்கு முகமே போனது. எங்கள் கடையில் தண்ணீரில்லாத வர்ணம் ஒன்றே ஒன்றுதான் உண்டு, நகப்பாலிஷ். சிவப்பு சீக்கிரம் தீர்ந்துபோய், மீதிப் பேருக்கு ரோஸ். மீசைக்குக் கண்மை. அறுபத்தோரு பேரையும் வரிசையாக நிறுத்தினேன். மாஸ்டர் பழக்கதோஷத்தில் ஏலக்காய் வேறு போட்டிருந்ததால் படை முழுக்க மணந்தது.

நைனா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"கோட்ட விழட்டும், பரவால்ல. யாரு இவங்களுக்கு மருதாணி வச்சது?"

பொங்கல் லீவு ஞாயிறு காலை வளையல் அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, படையைப் படுக்கவைத்து, முதல் பஸ்ஸில் ஏறினோம். பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. பெட்டியை மடியில் வைத்தால் நசுங்கும் என்று, டிரைவருக்குப் பின்னால் ஒரு வெல்லமூட்டையின் மேல் பத்திரமாக வைத்தேன். வெல்லமூட்டையில் நமக்கு முன்பே ஒரு படை பயணம் செய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றாத விஷயங்களால்தான் இந்தக் கட்டுரையே நடக்கிறது.

ஹால் கடற்கரைக்குப் பக்கத்தில். ஜன்னல் எல்லாம் திறந்து, காற்று உப்பாக அடித்தது. உள்ளே பத்துப் பன்னிரண்டு மேஜைகள். தலை நரைத்த மனிதர்கள் முட்டி போட்டுத் தவழ்ந்து, ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்து, "இல்ல, கால் இஞ்ச் எட்டல" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒருவர் கடை விரித்திருந்தார். அரை விரல் உயர ஈயக் குதிரைகள், பஞ்சில் செய்த மரங்கள். ஒரு மரத்தின் விலையைக் கேட்ட காதர், "இதுக்கு எங்க ஊர்ல ஒரு வண்டி வெறகே வரும் பாய்" என்று சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது அதை முகர்ந்து பார்த்தான்.

எங்கள் மேஜையில் தெர்மகோலில் செஞ்சி. மூன்று மலையும் (உயரமானது ராஜகிரி) மதிலும் அச்சு அசல். பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது. எதிர்ப்பக்கம் பிரெஞ்சுத் தளபதியாக நின்றவர் தெரேஸ் டீச்சர், நாலே முக்கால் அடி உயரம், தடித்த கண்ணாடி, கழுத்தில் மாலை மாதிரி இஞ்ச் டேப். அவர் படையில் ஒவ்வொரு சிப்பாய்க்கும் பட்டன்வரை வர்ணம். பட்டனுக்குள் ஓட்டை கூடத் தெரிந்தது.

என் படையை நிறுத்தினேன். டீச்சர் குனிந்து பார்த்தார். முகர்ந்தார்.

"தம்பி, இது கோட்டக் காவலா, மாப்ள அழைப்பா?"

"எங்க ஊர்ல இப்பிடித்தாங்க."

"உங்காளுங்க எங்காளுங்களவிட ஒரு பங்கு ஒசரமா இருக்காங்களே?"

"செஞ்சித் தண்ணி டீச்சர்" என்றான் காதர்.

நடுவர் முசே லூர்து விசில் ஊதினார். நம்ப மாட்டீர்கள், முதல் ஐந்து சுற்றில் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். பகடை நான் சொன்னபடி விழுந்தது. வாசலில் டீச்சரின் இருபது பேர் காலி. மற்ற மேஜைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். காதர் ஒவ்வொரு பகடைக்கும் "போடு!" என்று கத்த, ஒரு வெள்ளைக்காரர் பயந்து காப்பியைக் கொட்டினார். டீ மாஸ்டரின் சிலேட்டுக்குக் கண்ணாடி ஃப்ரேம் போடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஆறாவது சுற்றில் வேர்க்க ஆரம்பித்தது. எனக்கில்லை, படைக்கு. ரோஸ் உடுப்பு மேலே கெட்டியாக இருந்தது, அடியில் பாகு. மதிலில் ஒருவனை நகர்த்த இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். இடுப்புக்கு மேலே வந்தது. கால் இரண்டும் காவலிலேயே நின்றன.

"இவன் நவுந்தானா, இல்லியா?" என்றார் டீச்சர்.

முசே பிரெஞ்சு விதிப்புத்தகத்தைப் புரட்டிவிட்டு, பாதி ஆள் பாதி தூரம் போகலாம் என்று தீர்ப்பளித்தார். இதற்குள் காதர் என் விலாவில் இடித்தான்.

"மச்சான், ராஜகிரிக்குப் பின்னால பாரு."

பார்த்தேன். செங்குத்துப் பாறை. யாராலும் ஏற முடியாது என்று நான் ஒரு ஆள்கூட நிறுத்தாத பக்கம். அந்தப் பக்கமாக, கீழே வைத்திருந்த வளையல் பெட்டியிலிருந்து மேஜைக்கால் வழியாக, கட்டெறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. வரிசை என்றால் வரிசை. முசே பட்டாளத்தில்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

"டீச்சர், இது உங்காளுங்களா?" என்று கேட்டான் காதர்.

"நம்மளுது இல்ல. ஆனா வந்தவங்களை வேணான்னு சொல்ல மாட்டேன்" என்றார் அவர், டேப்பை உருவியபடியே.

ஏழு, எட்டு, ஒன்பது. டீச்சர் வாசலை உடைத்தார். நான் எறும்பை ஊதினேன். ஊதியதில் கொடிமரம் விழுந்தது. கிழக்கு மதிலில் பதினாலு பேர் ஒருவரோடொருவர் ஒட்டி ஒரே ஆளாகிவிட்டார்கள். "பதினாலு ஆளுக்கும் ஒரே பகட" என்றார் டீச்சர். அதற்கு விதி இருக்கிறதா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. பதினோராவது சுற்று முடிவில் மலை உச்சியில் என் தளபதி மட்டும். தோளில் இரண்டு எறும்பு. எதிரே ஒன்றரை இஞ்சில் டீச்சரின் முதல் சிப்பாய். இன்னும் ஒரே ஒரு சுற்று. அதைக் கடந்துவிட்டால் கோட்டை எங்களுடையது. ஆனால் முதல் நகர்வு டீச்சருடையது, அவர் ஆள் இரண்டு இஞ்ச் போகலாம்.

சுற்றிலும் நாற்பது பேர். டீச்சர் டேப்பை வைத்தார்.

என் மூளையில் அந்த விநாடி ஓடியது இதுதான். தளபதி சிக்கினால்தானே கோட்டை விழும்? மேஜையிலேயே இல்லாத தளபதி எப்படிச் சிக்குவான்? கையில் எடுத்தால் டீச்சர் வைக்கச் சொல்வார். பையில் போட்டால் எடுக்கச் சொல்வார். யாரும் திருப்பிக் கேட்க முடியாத இடம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

தளபதியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

கடக் என்று ஒரு சத்தம் கேட்டது. ஹாலே கேட்டது. முதலில் ஏலக்காய் ருசி. அப்புறம் நகப்பாலிஷ். அப்புறம், தோளில் இருந்த இருவரும் கடைசிவரை போராடும் குலத்தைச் சேர்ந்தவர்கள் என்று நாக்கு சொன்னது.

"முசே" என்றார் டீச்சர் அமைதியாக, "தளபதியத் தின்னுட்டாரு."

விதிப்புத்தகம் திறந்தது. சிக்கினால், செத்தால், ஓடினால், சரணடைந்தால், எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. தின்றால் இல்லை. வெள்ளைக்காரர்கள் நாலு பேர், பெங்களூர்க்காரர் ஒருவர், முசே ஆகியோர் அரைமணி நேரம் கூடிப் பேசினார்கள். நான் கண்மை வழியும் வாயோடு, ரோஸ் பல்லோடு, ஊர் மானத்தின் சார்பாக நின்றுகொண்டிருந்தேன். தீர்ப்பு வந்தது: தளபதி சொந்தப் படையின் கலகத்தில் கொல்லப்பட்டார், கோட்டை விழுந்தது. மணி பன்னிரண்டே கால்.

"நாங்களாவது ஒரு ராத்திரி எடுத்துக்கிட்டோம்" என்றார் ஒரு பிரெஞ்சுக்காரர், நல்ல தமிழில்.

செஞ்சியில் பஸ் நின்றதும் டீக்கடையே எழுந்து வந்தது. "கோட்ட இன்னா ஆச்சி?" எனக்கு நாக்கு வீங்கி இட்லி அளவு இருந்தது. "வ்வ்வு" என்றேன். காதர்தான் பேசினான். நடந்ததை ஒன்றுவிடாமல், நடக்காததையும் சேர்த்து. டீ மாஸ்டர் சிலேட்டைத் துடைத்துவிட்டு வடைக்கு விலை ஏற்றினார். நைனா ராத்திரி சாப்பாட்டில் தட்டைப் பார்த்தபடி, "பாகு பதமா இருந்துதா?" என்றார்.

அடுத்த வருஷ அழைப்பிதழில் ஒரு புது விதி அச்சாகியிருந்தது: 'உண்ணத்தக்க படைகளுக்கு அனுமதி இல்லை.' இன்றுவரை அந்த விதி அங்கே இருப்பதாகக் கேள்வி. சரித்திரத்தில் இடம்பிடிக்க நினைத்தவனுக்கு விதிப்புத்தகத்தில் இடம் கிடைத்தது.

மூன்று வருஷம் கழித்து என் கல்யாணத்துக்குத் தெரேஸ் டீச்சர் வந்தார். மேடையேறி, மணப்பெண்ணின் காதில் ரொம்ப நேரம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று அவள் சொல்லவே இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் எந்த வாக்குவாதத்திலாவது நான் தோற்கப் போகிறேன் என்று தெரிந்த நிமிஷம், அவள் பேச்சை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய், சர்க்கரை டப்பாவை எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிட்டு வந்து, "ம், இப்ப சொல்லுங்க" என்பாள்.