அழகருக்குப் போட்ட தையல்

அழகர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இந்தப் பிறவியில் ஆறு வாரமாவது காலை நீட்டிப் படுத்துவிட்டுத்தான் சாவது.

முடிவெடுத்த இடம் பதுளையில் ஒரு கண் கிளினிக். வருஷம் இரண்டாயிரத்து நாலு. அதற்கு இரண்டு மாதம் முன்பு, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில், அவருடைய கவ்வாத்துக் கத்தி தேயிலைச் செடியை விட்டுவிட்டுச் செருப்பை வெட்டியது. உள்ளே இருந்த கால் தப்பியது பெண்டாட்டி அங்கம்மாவின் தாலி பாக்கியம். இரண்டு கண்ணிலும் புரை. கங்காணி கத்தியைப் பிடுங்கிக்கொண்டு புல் பிடுங்க அனுப்பினார். புல் நின்றது, தேயிலைக் கன்று போனது.

"இனிமே நான் எதுக்கு ஒதவுவேன்?" என்று லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதார் அழகர்.

"தண்ணி தூக்க ஒதவுவீங்க. பீலிக்குப் போற வழி காலுக்கே தெரியுமே," என்று வாளியை நீட்டினாள் அங்கம்மா.

கிளினிக் டாக்டருக்குச் சிங்களம்தான் வரும். அழகரின் சிங்களம் பஸ்ஸில் டிக்கெட் வாங்குவதோடு சரி. அங்கம்மாவோ சந்தையில் மரக்கறி விற்றவள். அவள் சிங்களம் பேசினால் சிங்களவரே வழிவிடுவார்கள். டாக்டர் சொன்னதை அவள்தான் தமிழாக்கினாள்.

"ரெண்டு மாதிரி இருக்காம். ஒண்ணு, பெரிசா வெட்டி, லென்ஸ் வச்சி, தையல் போடுறது. ஆறு வாரம் பாரம் தூக்காம படுத்துக் கெடக்கணும். இன்னொண்ணு, சின்னத் தொளை. தையலே இல்ல. ஒரு வாரத்துல வேலைக்குப் போயிரலாம். சின்னதே போதும்ங்கிறாரு."

அழகரின் காதில் விழுந்தது 'படுத்துக் கெடக்கணும்' மட்டும்தான்.

"பெரிசு!"

"ஏங்க?"

"கண்ணு யாருது? சின்னத் தொளை வழியா எப்புடி எல்லாம் வெளிய வரும்? அரைகுறை வேலை எனக்கு ஆகாது. பெரிசுதான்!"

அங்கம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் இரண்டு நிமிஷம் பேசினாள். டாக்டர் சிரித்தார்.

"என்ன சொன்ன?"

"பெரிசுன்னு சொன்னேன்."

அவள் விரல் காட்டிய இடத்தில் அழகர் கையெழுத்துப் போட்டார்.

ஒரு கண்ணுக்கு ஆப்பரேஷன் முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்துக் கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பினார்கள். வீட்டுக் கட்டிலில் அழகர் ராஜா மாதிரிச் சாய்ந்தார். வெளியே யாரோ தண்ணீர் தூக்கிப் போகும் சத்தம் சங்கீதமாகக் கேட்டது.

"அங்கம்மா! ஒரு பீடி!"

அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"பீடி கூடாது. இருமுனா தையல் பிரிஞ்சிரும். சத்தம் போட்டுப் பேசக் கூடாது."

"மெதுவா?"

"மெதுவாவும் கூடாது. தாடை அசைஞ்சா கண்ணு அசையும். தலைய ஆட்டவே கூடாது. முழி உருண்டு வந்துரும்."

முதல் வாரம் சுகம். இரண்டாம் வாரம் கட்டிலே முள்ளானது. பீடி இல்லை, பேச்சு இல்லை. இதற்குப் புல்லே பிடுங்கியிருக்கலாம் என்று உள்ளுக்குள் அழுதார். சத்தமாக அழவும் அனுமதியில்லை.

மூன்றாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் கேசரி வாசம். வாசலில் ஆட்கள். நடுவே ஒரு குரல். அழகருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சின்னையா!

அழகரின் ஒரே மகள் யசோதினி, சின்னையாவின் மகன் தினேஸைத்தான் கட்டுவேன் என்று இரண்டு வருஷமாக நிற்கிறாள். கொஸ்லந்தையில் வாத்தியார் வேலை, தங்கமான பையன். தகப்பன்தான் ஆகாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் மாரியம்மன் திருவிழாவில், அழகருக்குக் கட்ட வேண்டிய பரிவட்டத்தைத் தன் தலையில் கட்டிக்கொண்டவர். "என் பொணத்து மேலதான் இந்தக் கல்யாணம்" என்று அழகர் சொல்லி வைத்திருந்தார். இப்போது கிட்டத்தட்ட அப்படித்தான் கிடந்தார்.

"சம்பந்தி வீட்ல கேக்குறாங்க," என்றாள் அங்கம்மா, எல்லாருக்கும் கேட்கும்படி. "ஒங்களுக்குச் சம்மதமில்லேன்னா ஒரு வார்த்தை சொல்லிருங்க."

அழகர் வாயைத் திறந்தார்.

"தையலு," என்று காதுக்குள் சொன்னாள்.

வாயை மூடினார். 'இல்லை' என்று தலையாட்டப் போனார். அவள் இரண்டு கையாலும் அந்தத் தலையைப் பக்குவமாகப் பிடித்துக்கொண்டாள். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே ஒரு சொட்டு இறங்கியது.

"பாருங்க, ஆனந்தக் கண்ணீரு!"

சின்னையாவும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தட்டு மாற்றினார்கள்.

ஆறு வாரம் முடிந்து பதுளைக்குப் போனார்கள். அன்றைக்குத் தமிழ் பேசும் தாதி ஒருவர் இருந்தார், ஸைனப் மிஸ்ஸி.

"கண் நல்லா இருக்கு. வேலைக்குப் போய் அஞ்சு கிழமை இருக்குமே?"

"வேலையா? தையலே இன்னும் பிரிக்கலீங்களே!"

"என்ன தையல்? ஒங்களுக்குச் செஞ்சது சின்னத் தொளை. தையலே போடல்ல."

அழகர் வெளியே வந்தார். ஆறு வாரச் சத்தம் தொண்டையில் திரண்டு நின்றது.

"அடியே!"

பஸ் நிலையமே திரும்பிப் பார்த்தது.

"கத்துங்க. கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது," என்றாள் அங்கம்மா. பையிலிருந்து மஞ்சள் தடவிய அட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள். "அதுக்கு முந்தி இத வாசிங்க."

அழகர் கையை நீட்டி எட்டப் பிடித்தார். மகள் பெயர். தினேஸ் பெயர். சின்னையா பெயர், பெரிய எழுத்தில். கடைசி வரி: 'சுற்றமும் நட்பும் சூழ வருமாறு அன்போடு அழைக்கும், அழகர்.'

"எழுத்து தெளிவாத் தெரியுதா?"

"தெரியுது," என்றார் அழகர்.