அணைக்கரையில் தண்ணீர் எப்படி?

கூடத்தில் ஊதி வைத்திருந்த ரப்பர் படகு சமையலறை வாசலை அடைத்துக்கொண்டிருந்ததால், காபி டம்ளர்கள் படகுக்கு மேலாக நீட்டப்பட்டன.

"துடுப்ப இப்படிப் புடிக்கணும் மாப்ள," என்றான் சேரன்.

செம்பியன் அப்படியே பிடித்தான். துடுப்பு மின்விசிறியில் பட்டு டங்கென்றது.

செம்பியன் கீரப்பாளையத்தில் உரக்கடையில் பில் போடுகிறவன். பெண் பார்க்கப் போன இடத்தில் பேச ஒன்றும் தோன்றாமல், கொள்ளிடத்து வெள்ளத்தில் பரிசல் ஓட்டியிருப்பதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். வினோதினிக்கு அந்த வார்த்தைதான் பிடித்துப்போனது. கல்யாணம் ஆனதிலிருந்து அதைத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். குளத்தில் இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறினாலே அவனுக்கு மூச்சு முட்டும் என்பது பாவம், அவளுக்குத் தெரியாது.

அவளுடைய அண்ணன் சேரனுக்குக் குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனி வேலை. கம்பெனி டூரில் ரிஷிகேஷ் போனவன், ஹெல்மெட்டும் துடுப்புமாகக் கரையில் நிற்கும் போட்டோவோடு திரும்பி, இந்த ரப்பர் படகையும் வாங்கிக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்திருந்தான்.

"பாறையில மோதி நுரை தள்ளிக்கிட்டு ஓடும் மாப்ள கங்கை. அதுல போனவன் நானு. கொள்ளிடத்துல போனவரு நீங்க. ரெண்டு பேரும் ஞாயித்துக்கெழம அணைக்கரையில ஷட்டருக்குக் கீழ எறங்கிடுவோம்."

"எறங்கறதுக்கு முன்னாடி தண்ணி எப்படின்னு கேக்கணும் இல்ல மச்சான்?"

"கட்டாயம் கேக்கணும்," என்றான் சேரன், சட்டென்று.

அணைக்கரைப் பாலத்தருகே டீக்கடை சௌந்தரத்தின் செல் நம்பர், உர லாரியோடு போய்வந்த நாளிலிருந்தே செம்பியனிடம் இருந்தது. செம்பியன் கொல்லைப்பக்கம் போய் அவளைக் கூப்பிட்டான்.

"அக்கா, இப்ப மறுபடியும் கூப்புடுவேன். வெள்ளம் ஜாஸ்தின்னு சொல்லுங்க. மானம் போற விஷயம்."

"சொல்லிட்டாப் போச்சு. சாப்ட்டியா தம்பி?"

கூடத்துக்கு வந்து போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"வெள்ளம்னா அப்படியொரு வெள்ளம் தம்பி. கரையில நிக்க முடியல," என்றது சௌந்தரத்தின் குரல்.

செம்பியன் வருத்தமாகத் தலையை ஆட்டினான். சேரன் படகைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான்.

"அதான் மாப்ள நமக்கு வேணும். எதுக்கும் அந்த நம்பர எனக்கும் குடுங்க. ஒரு சேப்டிக்கு."

வெள்ளத்தில் இறங்கப் போகிறார்கள் என்ற சேதியை வினோதினி அன்றைக்கே ஊர் முழுக்கச் சேர்த்துவிட்டாள். கடலூரிலிருந்து அவள் அம்மா லோகநாயகி புளிசாதத்துக்குப் புளியோடு வந்து இறங்கினாள். வேனும் பேசியாயிற்று.

சனிக்கிழமை செம்பியன் மறுபடி கொல்லைப்பக்கம் போய், "இன்னும் ஜாஸ்தியாக்குங்கக்கா," என்று கெஞ்சிவிட்டு வந்து ஸ்பீக்கரைப் போட்டான்.

"ஷட்டரு மொத்தத்தையும் தொறந்துட்டாங்க தம்பி. அப்புறம் ஒரு முதலை கெடக்குது. பெருசு. குட்டி போட்டிருக்கும்போல, கோவமா இருக்குது."

செம்பியன் போனை உற்றுப் பார்த்தான். முதலையை அவன் சொல்லச் சொல்லவில்லை.

"பயமா இருந்தா சொல்லுங்க மாப்ள," என்றான் சேரன், ஏதோ வரம் கேட்பவனைப்போல. "யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. விட்டுடலாம்."

"அவருக்கா பயம்? நல்லா கேட்டண்ணா," என்று சிரித்தாள் வினோதினி.

"எனக்கென்ன பயம்," என்று சொல்லிவிட்டு செம்பியன் படகின் விளிம்பில் உட்கார்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வேனில் மகன், மருமகன் இருவர் நெற்றியிலும் லோகநாயகி திருநீறு பூசினாள். காட்டுமன்னார்கோயில் தாண்டியதும் செம்பியன் மனைவி பக்கம் சாய்ந்தான்.

"வினோ, ஒண்ணு சொல்லணும். அந்தப் பரிசலு..."

"ஆத்துலேர்ந்து ஏறி வந்து சொல்லுங்க," என்று அவன் கையைப் பெருமையாகப் பிடித்துக்கொண்டாள்.

வேன் பாலத்தில் நின்றது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

கீழே மணல். கண்ணுக்கெட்டியவரை மணல். நடுவில் ஒரு குட்டை, அதில் ஒரு கொக்கு. ஷட்டர்களின் நிழலில் ஆடுகள் படுத்திருந்தன.

செம்பியனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்ததும் கோபப்பட்டது. "பெரிய மனுஷின்னு நம்பிக் கேட்டா இப்படியா பொய் சொல்றது?"

"அதான?" என்றான் சேரன், அவனைவிட உரக்க. "எவ்வளவு ஆசையா வந்தோம்."

வினோதினி விறுவிறுவென்று டீக்கடைக்கு நடந்தாள். பின்னாலேயே எல்லோரும் போனார்கள். லால்பேட்டை பாய் ஒருவர் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார்.

"சௌந்தரம்னு ஒரு அம்மா இங்க டீக்கடை வச்சிருக்காங்களே, எங்க அவுங்க?"

"கடைய எங்கிட்ட குடுத்துட்டு, அவுங்க திருப்பூர்ல மக வீட்டோட போயி ரெண்டு வருஷம் ஆவுதேம்மா," என்றார் பாய். "நேத்துகூட போன் பண்ணாங்க. 'மச்சானும் மாப்ளயுமா ரெண்டு பேரு, ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தரு கூப்புடறாங்க பாய். ஒருத்தரு வெள்ளம் கேக்கறாரு, ஒருத்தரு முதலை கேக்கறாரு. அங்க ஆத்துல நெசமா என்னதான் இருக்குது?'ன்னு கேட்டாங்க."