ரேணுகா வீட்டில் அடையும் என் கோழிகள்

ஆரணி,
வெள்ளிக்கிழமை.

அன்பு நாத்தனார் சிவசங்கரிக்கு,

உன் பெரிய அண்ணி சூர்யகலா எழுதுவது. வந்தவாசியில் நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் பெரியண்ணன் சுகம். நான் சுகமா இல்லையா என்பதை முழுவதும் படித்துவிட்டு நீயே சொல். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். பாகம் பிரித்தபோது வீட்டுக்கு நடுவில் ஒரு சுவர் எழுப்பினார்களே, அது ஒற்றைக்கல் சுவர். இங்கே நான் இருமினால் அங்கே உன் சின்ன அண்ணி ரேணுகாதேவி சுக்கு தட்டுகிறாள். நான் சொல்லப்போவதோ அவளைப் பற்றி.

போன தை மாதம் நீ வந்தபோது எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு தாய்க்கோழியும் அதன் குஞ்சுகளும் கொடுத்துவிட்டுப் போனாய். சின்ன அண்ணி, பெரிய அண்ணி என்று பேதம் பார்க்காத நாத்தனார் என்று தெருவெல்லாம் உன்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். இப்போது ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நல்லதாகப் பார்த்து அவளுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை எனக்குக் கொடுத்தாயா? தோட்டத்துக்கு நடுவில் இருப்பது ஒரு தகரத் தடுப்புதான். இரண்டு பக்கத்துக்கும் ஒரே வானம். ஆனால் பருந்து என் பக்கத்தில்தான் இறங்குகிறது.

முதல் குஞ்சைப் பருந்து தூக்கியபோது நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கையில் இருந்த ஈரப் பாவாடையை வீசினேன். பாவாடை முருங்கை மரத்தில் மாட்டிக்கொண்டது, குஞ்சு போனது போனதுதான். மறுநாள் தகரத்துக்கு மேலே எட்டிப் பார்த்தால், ரேணுகா பழைய சிடிகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறாள். அவை வெயிலில் பளபளவென்று சுற்ற, பருந்துக்குக் கண் கூசி அது என் பக்கம் திரும்புகிறது. அவளைப் பார்த்துச் செய்தேன் என்ற பேர் வரக்கூடாதே என்று நான் தறியில் அறுத்துப்போட்ட பாவு நூலை எடுத்துத் தோட்டம் பூராவும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினேன். பட்டு நூல், கண்ணுக்கே தெரியாது. பருந்துக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டவர் கரண்டு மீட்டர் பார்க்க வந்தவர். கத்தரிக்கோலோடு ஓடிவந்து அவரை விடுவித்தது ரேணுகா. அவர் அவளுக்கு நன்றி சொன்னார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்து கீரி. சாக்கடை ஓட்டை வழியாக வந்துபோகப் பழகிக்கொண்டது. ரேணுகா சொன்ன அன்றைக்கே உன் சின்னண்ணன் அந்தப் பக்கத்து ஓட்டைக்குக் கம்பி வலை அடித்தார், கூண்டைச் செங்கல் வைத்துத் தூக்கினார், வலையின் அடியை மண்ணுக்குள் புதைத்தார். நானும் உன் பெரியண்ணனிடம் சொன்னேன். அவர் தறியை விட்டு எழுந்திருக்காமலே, “கீரி மொகத்துல முழிச்சா நல்லதுன்னு சொல்வாங்க. அதப் போய் தொரத்திகினு இருக்கிறியே” என்றார். அதோடு விட்டாரா? தினமும் காலையில் காபி டம்ளரோடு தோட்டத்தில் நின்று கீரி தரிசனத்துக்குக் காத்திருக்க ஆரம்பித்தார். கீரியும் அவரை ஏமாற்றவில்லை. குஞ்சுகள் குறைந்துகொண்டே வந்தன, நல்லது எதுவும் வந்தபாடில்லை. உன்னிடம் மறைப்பானேன், ரேணுகாவின் கோழிகளைப் பார்த்து எரிந்ததைவிட அந்தக் கம்பி வலையைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு அதிகம் எரிந்தது. சொன்ன அன்றைக்கே செய்துதரும் புருஷன்!

பிறகு பேன். தப்பிப் பிழைத்த என் கோழிகள் ராத்திரி பகலாகச் சொறிந்துகொண்டு நிற்க, அவளுடையவை எண்ணெய் தேய்த்தாற்போல் மினுமினுத்தன. கேட்டால் சொல்லியிருப்பாள். அதனால்தான் கேட்கவில்லை. தகரத்தில் ஆணி அடித்த ஓட்டை வழியாகப் பார்த்தேன். ஒரு பழைய கூடையில் ஏதோ வெளுத்த பொடி, அதில் கோழிகள் புரண்டு புரண்டு குளிக்கின்றன. பொடிதானே என்று நான் முகத்துக்குப் போடும் பவுடரை ஒரு கூடையில் கவிழ்த்து வைத்தேன். அவள் போட்டது அடுப்புச் சாம்பலும் வேப்பிலைத் தூளும் என்பது பிறகுதான் தெரிந்தது. என் சேவல் கூவுவதை விட்டுத் தும்ம ஆரம்பித்தது. உன் பெரியண்ணன் தோட்டத்துப் பக்கம் வந்து மோந்து பார்த்துவிட்டு, யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒரு சாயங்காலம் என் கோழிகள் எல்லாம் தகரத்தின் இடுக்கில் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து அவள் கூண்டில் போய் அடைந்துவிட்டன. கூப்பிட்டேன், அரிசி இறைத்தேன். சேவல் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தது, பிறகு அதுவும் உள்ளே போய்விட்டது. அன்றிலிருந்து தீனி என் வீட்டில், தூக்கம் அவள் வீட்டில். முட்டையும் அங்கேதான். அவள் அதை அமுக்கிக்கொண்டாலாவது தெருவில் நின்று நாலு கேள்வி கேட்கலாம். கிண்ணத்தில் வைத்து எடுத்துக்கொண்டு என் வாசலுக்கே வருகிறாள். “நான் கூப்பிடலக்கா, அதுங்களாவே வந்துகினு இருக்குதுங்க” என்கிறாள். கூப்பிட்டேன் என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன்.

நேற்று அவள் கண்ணமங்கலத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள். மத்தியானம் அந்தப் பக்கம் ஒரே கலவரம். ஓட்டை வழியாகப் பார்த்தால், அவள் அவசரத்தில் கூண்டுக் கதவுக்குத் தாழ் போடவில்லை, என் கோழிகள் நுழையும் அதே தகர இடுக்கு வழியாகப் போன கீரி தலையை உள்ளே விட்டுவிட்டது. ஒன்றே ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகட்டும், அவளுக்கும் இந்த வேதனை தெரியட்டும் என்று நினைத்தேன். நினைத்தது நிஜம். ஆனால் கூண்டின் மூலையில் அவளுடைய கறுப்புக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் இறக்கையடித்துப் பறக்க, அது மட்டும் முட்டைகளை விட்டு எழுந்திருக்காமல், சிறகை விரித்துக்கொண்டு கீரியை நேராகப் பார்த்தது. அதற்குப் பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை. குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் நின்று தகரத்தில் ஏறினேன். தகரமும் நானும் சேர்ந்து அந்தப் பக்கம் விழுந்தோம். விழுந்த சத்தத்திலேயே கீரி ஓடிவிட்டது. கோழிகளுக்கு ஒரு சேதமும் இல்லை. என் இடது மணிக்கட்டு பூரி மாதிரி வீங்கியிருக்கிறது.

ரேணுகா வந்தபோது தெருவே அங்கே நின்றது. அவள் கூண்டுப் பக்கம் திரும்பவேயில்லை. நேரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “கோழி போனா போவுதுக்கா. உங்களுக்கு ஒண்ணுன்னா நான் யாருகிட்ட போவேன்?” என்றாள். பார்த்தவர்கள் எல்லாரும், ரேணுகாவுக்கு எவ்வளவு இளகின மனசு என்று சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். விழுந்தது நான், சிவசங்கரி. நல்ல பேர் அவளுக்கு.

ஆகையால் ஆடிக் கூழுக்கு நீ வரும்போது முதலில் என் வீட்டுப் படிதான் ஏற வேண்டும். தோட்டத்துக்கு நடுவில் ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பச் சொல்லி இரண்டு அண்ணன்களிடமும் நீ பேச வேண்டும். திரும்பும்போது என் கோழிகளை ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டு போய்விடு. அவள் கூண்டில் அடைவதைவிட அவை வந்தவாசியில் அடையட்டும்.

உன் மாமியாருக்கு என் வணக்கம். பிள்ளைகளை வெயிலில் விடாதே. படவேட்டம்மன் உங்கள் எல்லாரையும் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றட்டும். அந்த அம்மன் பேரும் ரேணுகாம்பாள்தான், அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

இப்படிக்கு,
உன் நலம் நாடும் பெரிய அண்ணி,
சூர்யகலா.

பி.கு.: கை வலியில் இதைத் தபாலில் போடுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. எதிர்வீட்டு உண்ணாமலை கலசப்பாக்கத்திலிருந்து வான்கோழி வாங்கி வந்திருக்கிறாள். பருந்து அதைக் கண்டால் கிட்டவே வராதாம், கீரி பின்னங்கால் பிடரியில் பட ஓடுகிறதாம், அவளே சொல்லிக்கொள்கிறாள். தெரு முழுக்க அவள் வாசலில்தான் நிற்கிறது. நானும் ரேணுகாவும் மாடியிலிருந்து பார்த்தோம். “எனக்கு சோறே எறங்கலக்கா” என்றாள். எனக்கும்தான் இறங்கவில்லை. அதனால் மேலே எழுதியதை விட்டுத்தள்ளு. சுவர் பேச்சை யாரிடமும் எடுக்காதே. விழுந்த தகரத்தைப் பெரிய கூண்டாகப் போடுவதற்கு வைத்திருக்கிறோம். வந்தவாசிச் சந்தையில் ஜல்தியாக ஒரு ஜோடி வான்கோழி பார். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு ஜோடியே போதும். ஆனால் உண்ணாமலையுடையதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.